ஆபீஸ் சர்வரின் செட்டிங்ஸை எடுத்து வைப்பதும் திரும்பப் பொருத்துவதும்

சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் ஒரு பால் சங்கத்திலோ அச்சகத்திலோ போய்க் கணக்கு டேட்டாவின் காப்பி எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் உடனே எடுத்துக் காட்டிவிடுவார்கள். மேசை டிராயரில் ஒரு பென் டிரைவ், முதலாளி வீட்டில் இன்னொன்று. ஆனால் எந்தப் பிரிண்டருக்கு எந்த ஐபி, எந்த ஊழியர் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், ராத்திரி எத்தனை மணிக்கு எந்த வேலை தானாக ஓடுகிறது என்பதெல்லாம் சர்வருக்குள் மட்டும்தான் இருக்கும். டிஸ்க் போனால் டேட்டா அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். எல்லாரும் பழையபடி வேலை பார்க்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை பால் ஊற்ற வருகிறவர்களுக்குக் கையால்தான் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு சிறு சர்வரின் செட்டிங்ஸ் முழுவதையும் சுருக்கினால் சில எம்பிதான் வரும். எடுத்து வைப்பதற்கு இடமும் பிரச்சினையில்லை, நேரமும் பிரச்சினையில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எடுக்கும்போது எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். திரும்ப வைக்கும்போது தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். பழைய ஃபோல்டரை அப்படியே புதிய மெஷின் மேல் கொட்டிவிட்டு, பூட் ஆகாத சர்வரோடு நிற்பதுதான் புதியவர்களிடம் அதிகம் நடக்கிறது.

இங்கே லினக்ஸ் வகைகளான டெபியன் அல்லது உபுண்டு ஓடும் ஒரே ஒரு சர்வரை மனதில் வைத்துச் சொல்கிறோம். அதில் ஃபைல்களைப் பகிர சாம்பா, பிரிண்டருக்கு கப்ஸ், மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஐபி கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க், பில்லிங்குக்கு மரியாடிபி அல்லது மைஎஸ்க்யூஎல். கேரளப் பள்ளிகளில் 2001-ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017-ல் கைட் நிறுவனமானது. அங்கே பிள்ளைகள் பயன்படுத்துவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் குனு/லினக்ஸ்தான். அதனால் லினக்ஸ் திரையைப் பார்த்துப் பழகியவர் ஒருவராவது இந்தப் பக்கத்து ஆபீஸ்களில் இருப்பார். இந்த வேலையை அவரிடம் ஒப்படைக்கலாம்.

எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன

முக்கால்வாசி செட்டிங்ஸ் /ஈடிசி என்ற மூன்றெழுத்து ஃபோல்டரில் இருக்கும். அதை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு மீதிக் கால்வாசிதான் தொல்லை தரும். அந்த மீதி எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாம்பாவின் பாஸ்வேர்டுகள் /ஈடிசி-யில் இல்லை. /வார்/லிப்/சாம்பா/பிரைவேட் என்ற ஃபோல்டரில் டிடிபி வகை ஃபைல்களாக இருக்கின்றன. ஊழியர்களின் பெயரும் பாஸ்வேர்டும் ஒரு ஃபைலில். சர்வரின் அடையாள எண் இன்னொரு ஃபைலில். இரண்டும் ஒன்றையொன்று நம்பியிருப்பவை, ஆகவே ஃபோல்டரையே முழுதாக எடுங்கள். சாம்பா ஓடிக்கொண்டிருக்கும்போது நேரடியாகக் காப்பி செய்தால் பாதி எழுதிய நிலையில் ஃபைல் மாட்டலாம். டிடிபி-டூல்ஸ் பேக்கேஜில் வரும் டிடிபிபேக்கப் கட்டளை பக்கத்திலேயே ஒரு முழுமையான நகல் போட்டுத் தரும். ராத்திரி வேலையில் சாம்பாவை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தாலும் சரிதான்.

ஒவ்வொரு பயனரும் தனக்கென்று போட்டுக்கொண்ட க்ரான் வேலைகள், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள், /வார்/ஸ்பூல்/க்ரான்/க்ரான்டாப்ஸ் ஃபோல்டரில் இருக்கும். இவை தொலைந்துபோக டிஸ்க் பழுதாக வேண்டும் என்றுகூட இல்லை. க்ரான்டாப் கட்டளையோடு ஈ எழுத்தைக் கொடுத்தால் திருத்தத் திறக்கும். ஆர் எழுத்தைக் கொடுத்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லாவற்றையும் அழித்துவிடும். கீபோர்டில் இரண்டும் அடுத்தடுத்த விசைகள்.

நீங்களோ உங்களுக்கு முன் இருந்தவரோ எழுதி வைத்த சிறு ஸ்கிரிப்டுகள் /யூஎஸ்ஆர்/லோக்கல், /ஆப்ட், /ரூட் ஆகிய மூன்றில் எங்காவது கிடக்கும். மூன்றையும் சேருங்கள். ஹோம் ஃபோல்டர்களில் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் உண்டு. தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் பயனர் சாவிகள் அங்கேதான் இருக்கின்றன.

டேட்டாபேஸின் பயனர்களும் அவர்களுடைய உரிமைகளும் டேட்டாபேஸுக்குள்ளேயே இருப்பவை. பில்லிங் டேட்டாவை மட்டும் டம்ப் (டெக்ஸ்ட் நகல்) எடுத்தால் இவை வராது. புதிய மெஷினில் டேபிள்கள் எல்லாம் ஏறியிருக்கும், பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும். ஒவ்வொரு டேட்டாபேஸ் பயனருக்கும் 'ஷோ கிரியேட் யூசர்', 'ஷோ கிராண்ட்ஸ்' என்ற இரண்டு கட்டளைகளின் விடையை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமியுங்கள். உள் டேபிள்களை அப்படியே ஏற்றுவதைவிட இது பாதுகாப்பானது, ஏனென்றால் அந்த டேபிள்களின் அமைப்பு வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும்.

கடைசியாக, என்னென்ன பேக்கேஜ்கள் போட்டிருக்கிறோம் என்ற பட்டியல். ஏபிடி-மார்க் கட்டளைக்கு 'ஷோமேனுவல்' என்று கொடுத்தால், தானாகத் தொற்றிக்கொண்டு வந்தவற்றை விட்டுவிட்டு, கேட்டுப் போட்டவற்றை மட்டும் சொல்லும். அந்த விடையை ஃபைலாக்குங்கள். பிரிண்டர் கம்பெனி தளத்திலிருந்து இறக்கிப் போட்ட டிரைவர் இருந்தால், அந்த டெப் ஃபைலையே பேக்கப்போடு சேர்த்து வையுங்கள். பழைய மாடல் பிரிண்டருக்கான டிரைவர் இன்னொரு முறை தேடும்போது அதே இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது.

எடுக்கும் முறை

1. சர்வரின் தலைமைப் பயனரான ரூட்டின் உரிமைக்கு மாறுங்கள். சாதாரணப் பயனராக எடுத்தால் பாஸ்வேர்டு ஃபைலும் சாவிகளும் படிக்க முடியாமல் விடுபட்டுப் போகும். கட்டளையோ முடிந்துவிட்ட மாதிரியே தெரியும்.

2. முன்பு சொன்ன பேக்கேஜ் பட்டியல், டேட்டாபேஸ் உரிமைகள் ஆகியவற்றை /ரூட்-க்குள் ஒரு தனி ஃபோல்டரில் போடுங்கள். கூடவே இன்னும் மூன்று விடைகள்: டிஸ்க் பகுதிகளின் அடையாள எண்களைச் சொல்லும் பிஎல்கேஐடி, நெட்வொர்க் நிலையைச் சொல்லும் 'ஐபி ஏ', ஓஎஸ் வெர்ஷனைச் சொல்லும் எல்எஸ்பி-ரிலீஸ். சர்வர் செத்த பிறகு இந்த மூன்றையும் யாரிடமும் கேட்க முடியாது.

3. டார் கட்டளையில் சி, இஸட், எஃப் எழுத்துகளைக் கொடுத்து, எல்லா ஃபோல்டர்களையும் ஒரே கட்டாகச் சுருக்குங்கள். ஃபைல் பெயரில் சர்வர் பெயரும் தேதியும் இருக்கட்டும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே அமையும்.

பெயர்களின் முன்னால் உள்ள சாய்கோட்டை நீக்குவதாக டார் ஒரு வரி சொல்லும். அது பிழையில்லை. பின்னால் வேறு ஃபோல்டரில் பிரித்துப் பார்க்க அதுதான் வழி செய்கிறது. 'படிக்கும்போதே ஃபைல் மாறியது' என்று சொன்னால் மட்டும் எந்த ஃபைல் என்று பாருங்கள். டிடிபி ஃபைலோ டேட்டாபேஸ் ஃபைலோ என்றால் அந்த நகலை நம்ப வேண்டாம்.

4. டார் கட்டளைக்கு டி (t) எழுத்தைக் கொடுத்து உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிட்டுப் பாருங்கள். சாம்பா பிரைவேட் ஃபோல்டர் இருக்கிறதா, க்ரான்டாப்ஸ் இருக்கிறதா என்று கண்ணால் தேடுங்கள். பிறகு எஸ்ஹெச்ஏ256சம் கட்டளை போட்டு, வரும் சரிபார்ப்பு எண்ணை அதே பெயரில் பக்கத்தில் ஒரு ஃபைலாக வையுங்கள். வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி செய்தபின் சரியாக வந்ததா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஃபோல்டரை இழுத்துப் பென் டிரைவில் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கடையில் வாங்கும் பென் டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவத்தில் இருக்கும். அந்த வடிவத்துக்கு லினக்ஸின் உரிமையாளர், அனுமதி, குறியிணைப்பு (இன்னொரு ஃபைலைச் சுட்டும் பெயர்) என்ற மூன்றும் தெரியாது. இழுத்துப் போட்டுத் திரும்ப எடுத்தால் எல்லா ஃபைலும் ஒரே உரிமையாளருக்குச் சொந்தமாக, எல்லாரும் படிக்கும்படி வந்து நிற்கும். தனிச் சாவி எல்லாருக்கும் திறந்திருந்தால் எஸ்எஸ்ஹெச் அதை ஏற்க மறுக்கும். யார் ரூட் உரிமையைப் பெறலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் ஃபைலின் அனுமதி 0440 ஆக இருக்க வேண்டும்; எல்லாரும் எழுதும்படி இருந்தால் சூடோ வேலையே செய்யாது. டார் கட்டுக்குள் இந்த விவரங்கள் பத்திரமாக இருக்கும், கட்டு எந்த டிஸ்க்கில் கிடந்தாலும் சரி. ஜிப்பையும் தவிருங்கள்.

எங்கே வைப்பது

கேரளத்தில் ஏப்ரல், மே மாதக் கோடை மழையும் அக்டோபர், நவம்பரின் துலாவர்ஷமும் பிற்பகல் இடியோடு வருபவை. மின்னல் பவர் வயர் வழியாக மட்டும் வருவதில்லை. நெட்வொர்க் கேபிள், டெலிபோன் வயர் வழியாகவும் உள்ளே வரும். சர்வரோடு எப்போதும் இணைத்தே வைத்திருக்கும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் அன்று சர்வரோடு சேர்ந்தே போய்விடும். ஆகவே ஒரு காப்பியாவது எந்த வயரிலும் இல்லாமல் இருக்க வேண்டும். ஆபீஸில் இன்னொரு கம்ப்யூட்டரில் ஒன்று, வயர் இல்லாமல் லாக்கரில் ஒன்று, வேறு கட்டடத்தில் ஒன்று என்று மூன்று போதும். எல்லைக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூரில் கிளையோ உறவினர் வீடோ இருந்தால் மூன்றாவது அங்கே இருக்கலாம்.

வெளியே போகும் காப்பியைப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கட்டுக்குள் எல்லாருடைய பாஸ்வேர்டு ஹேஷ்களும் (பாஸ்வேர்டின் மறை வடிவங்கள்), தனிச் சாவிகளும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே எழுதியிருக்கும் ஃபைல்களும் இருக்கின்றன. ஜிபிஜி கட்டளையில் சி எழுத்தைக் கொடுத்தால் ஒரு கடவுச்சொற்றொடர் கேட்டு மறையாக்கம் செய்யும். அந்தச் சொற்றொடரைச் சர்வரில் மட்டும் எழுதி வைத்தால் சர்வர் போன அன்று பேக்கப்பும் போனதாகத்தான் அர்த்தம். தாளில் எழுதி, உறையிலிட்டு, லாக்கரில் வையுங்கள்.

தினமும் தானாக

இந்தக் கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்டில் போட்டு க்ரானில் ராத்திரி ஓட விடலாம். தினக் காப்பி 7, வாரக் காப்பி 4, மாதக் காப்பி 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 2 எம்பி என்றாலும் 23 காப்பிக்கும் 46 எம்பிதான். மாதக் காப்பிகளை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். ஒரு செட்டிங் தவறாக மாறியது மூன்று மாதம் கழித்து, வருடக் கணக்கு முடிக்கும்போது தெரியவருவது சகஜம்.

தானாக ஓடுவதால் கவனிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, தினமும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. டம்ப் எடுக்கும் கருவியின் வெர்ஷன் டேட்டாபேஸ் வெர்ஷனோடு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. இதையெல்லாம் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. அதிலிருந்து நமக்கு வேண்டியது இரண்டு வரி ஸ்கிரிப்ட்: புதிய காப்பியின் அளவு நேற்றையதில் பாதிக்கும் கீழே போனால் பழையதை அழிக்காதே; கடைசியாக வெற்றி பெற்ற தேதியைத் தினமும் கண்ணில் படும் இடத்தில் எழுது. பிழை வந்தால் மட்டும் செய்தி அனுப்பும் முறையில், செய்தி வராததற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும்.

கூடவே ஈடிசிகீப்பர் பேக்கேஜையும் போட்டுக்கொள்ளுங்கள். அது /ஈடிசி-யை, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியமாக்கி, ஒவ்வொரு ஏபிடி நிறுவலுக்கு முன்னும் பின்னும், தினம் ஒரு முறையும், மாற்றங்களைத் தானாகப் பதியும். வெறும் கிட் ஃபைல் அனுமதிகளில் இயக்கலாமா என்ற ஒன்றைத்தான் நினைவில் வைக்கும். ஈடிசிகீப்பர் மற்றவற்றையும் தனியாக எழுதிக்கொள்கிறது. நேற்று வேலை செய்தது இன்று ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு இதைவிட விரைவான பதில் வேறெங்கும் கிடைக்காது. இந்தக் களஞ்சியத்தைப் பொதுத் தளம் எதற்கும் அனுப்பக் கூடாது. அதில் பாஸ்வேர்டு ஹேஷ்கள் இருக்கின்றன, ஒரு முறை வெளியே போனால் திரும்பப் பிடிக்க முடியாது.

திரும்பப் பொருத்துவது

பழைய டிஸ்க் பாதி வேலை செய்தாலும் அதன் மேல் புதிதாக எதையும் எழுத வேண்டாம். கழற்றி, தேதி எழுதி ஒட்டி, ஓரமாக வையுங்கள். புதிய டிஸ்க்கில் அதே ஓஎஸ்ஸின் அதே வெர்ஷனைப் போடுங்கள். இதுதான் நல்ல சமயம் என்று புதிய வெர்ஷனுக்குத் தாவும் ஆசை வரும். இன்று வேண்டாம். மைஎஸ்க்யூஎல் 8.0-ல் குவெரி கேஷ் (கேள்விகளின் விடையை நினைவில் வைக்கும் வசதி) நீக்கப்பட்டுவிட்டது. பழைய செட்டிங் ஃபைலில் அதற்கான ஒரு வரி இருந்தாலே டேட்டாபேஸ் கிளம்பாது. மீட்பும் மேம்படுத்தலும் ஒன்றாகச் சேர்ந்தால், எந்தப் பிழை எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

நிறுவும்போது சர்வருக்குப் பழைய பெயரையே கொடுங்கள். சாம்பா தன் அடையாள எண்ணைச் சர்வர் பெயரோடு சேர்த்துத்தான் சேமிக்கிறது. பெயர் மாறினால் பழைய ஃபைல் இருந்தும் புதிய எண்ணை உருவாக்கிக்கொள்ளும். பயனர்களின் பழைய எண்களோ அதோடு ஒட்டாமல் நிற்கும்.

அடுத்து, கட்டை /ரூட்-க்குள் 'பழையது' போன்ற ஒரு தனி ஃபோல்டரில் பிரியுங்கள். வேர் ஃபோல்டரில் (/) நேராகப் பிரிக்காதீர்கள். டிஃப் கட்டளையால் பழைய /ஈடிசி-யையும் புதிய /ஈடிசி-யையும் ஒப்பிட்டால், நீங்கள் உண்மையில் மாற்றியிருந்த ஃபைல்கள் எவ்வளவு குறைவு என்பது தெரியும். நூற்றுக்கணக்கான ஃபைல்களில் கை வைத்தவை இருபது முப்பது இருந்தாலே அதிகம்.

இந்த இடத்தில் ஃபைல்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள். சில ஃபைல்கள் ஆபீஸுக்குச் சொந்தம்: யாருக்கு எந்த ஃபோல்டர், எந்தப் பிரிண்டர், என்ன நேரம். இவை எந்த மெஷினுக்கும் போகும். மற்றவை அந்தப் பழைய மெஷினின் உடம்புக்குச் சொந்தம். இவற்றைக் காப்பி செய்யக் கூடாது. திறந்து படித்து, புதிய மெஷினுக்கேற்ப எழுத வேண்டும். அப்படிப்பட்டவை முக்கியமாக நான்கு.

முதலாவது எஃப்எஸ்டாப். டிஸ்க் பகுதிகளை யுயுஐடி என்ற நீண்ட எண்ணால் அது அடையாளம் காண்கிறது. புதிய டிஸ்க்குக்குப் புதிய எண்கள். பழைய ஃபைலை மேலே போட்டால், சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டி, இல்லாத டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குள் விழும். புதிய ஃபைலை அப்படியே விட்டு, டேட்டா டிஸ்க்குக்கான வரியை மட்டும் பிஎல்கேஐடி பார்த்துச் சேருங்கள். அந்த வரியில் 'நோஃபெயில்' என்று போட்டால், டேட்டா டிஸ்க் கழன்று கிடந்தாலும் சர்வர் கிளம்பி வரும்.

இரண்டாவது நெட்வொர்க். மதர்போர்டு மாறினால் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறும், ஈஎன்பி3எஸ்0 என்று இருந்தது ஈஎன்பி2எஸ்0 ஆகலாம். உபுண்டுவில் நெட்வொர்க் செட்டிங்ஸ் இருக்கும் பழைய நெட்பிளான் ஃபைலில் பெயரைத் திருத்திய பிறகு 'நெட்பிளான் டிரை' என்று கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தூரத்திலிருந்து வேலை செய்பவருக்கு இது உயிர் காக்கும். பெயரோடு, கார்டுக்கே உரிய மேக் முகவரியும் மாறியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். சர்வருக்கான ஐபியை ரூட்டர் பழைய மேக் முகவரிக்கு ஒதுக்கியிருந்தால், புதிய கார்டுக்கு வேறு ஐபி வரும், எல்லாக் கம்ப்யூட்டரும் பழைய ஐபியைத் தேடிக்கொண்டிருக்கும். ரூட்டரிலும் அதை மாற்றுங்கள்.

மூன்றாவது, பயனர் எண்கள். பாஸ்வேர்டு, ஷேடோ, குரூப் ஃபைல்களை முழுதாக மாற்றக் கூடாது. 100 முதல் 999 வரை சிஸ்டம் பயனர்களுக்கான எண்கள். பேக்கேஜ்களை நிறுவும் வரிசை மாறினால் இந்த எண்களும் மாறும். பழைய ஃபைலை மேலே போட்டால் டேட்டாபேஸின் ஃபைல்கள் வேறு சேவைக்குச் சொந்தமாகிவிடும். 1000 முதல் தொடங்கும் மனிதர்களின் வரிகளை மட்டும் அந்தந்த ஃபைலிலிருந்து எடுத்துச் சேருங்கள். எண் மாறாமல் சேர்த்தால், டேட்டா டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்களெல்லாம் பழைய உரிமையாளரிடமே நிற்கும்.

நான்காவது, மெஷினுக்கே உரிய எண்ணை வைத்திருக்கும் மெஷின் ஐடி ஃபைலும், பூட் செய்யும் கிரப்பின் செட்டிங்கும். இரண்டையும் தொடவே வேண்டாம்.

இனி ஆபீஸுக்குச் சொந்தமானவை. பேக்கேஜ் பட்டியலை ஏபிடிக்குக் கொடுத்து முதலில் எல்லா சாஃப்ட்வேரையும் நிறுவுங்கள். செட்டிங்கை முதலில் வைத்துவிட்டு நிறுவினால், பழையதை வைத்துக்கொள்வதா புதியதைப் போடுவதா என்று ஒவ்வொரு பேக்கேஜும் கேட்கும்; அவசரத்தில் தவறான விசையைத் தட்டிவிடுவோம். பிறகு ஒவ்வொரு சேவையாக, ஒன்று முடிந்து சரிபார்த்த பிறகே அடுத்தது.

சர்வரின் அடையாளமான எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளைத் திரும்ப வையுங்கள். தனிச் சாவியின் அனுமதி 600. வைக்காவிட்டால், இணைக்க முயலும் ஒவ்வொருவருக்கும் சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்ற பெரிய எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைத் தட்டிக் கழிக்கப் பழகிவிட்டால் உண்மையான ஆபத்து வரும்போதும் தட்டிக் கழிப்பார்கள். மறுதொடக்கத்துக்கு முன் எஸ்எஸ்ஹெச்டி கட்டளையில் டி (t) எழுத்தைக் கொடுத்து ஃபைல் சரியா என்று பாருங்கள். திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் நுழைந்து பாருங்கள்.

சாம்பாவை நிறுத்திவிட்டு, செட்டிங் ஃபைலையும் பிரைவேட் ஃபோல்டரையும் வையுங்கள். டெஸ்ட்பார்ம் கட்டளை பிழை சொல்லாவிட்டால் கிளப்புங்கள். சாம்பா பயனர் ஒவ்வொருவருக்கும் லினக்ஸ் பயனரும் இருக்க வேண்டும். பயனர் எண்களை முன்பே சொன்னது இதனால்தான்.

கப்ஸ் ஓடும்போது அதன் பிரிண்டர் ஃபைலை மாற்றிப் பயனில்லை. நிறுத்தும்போது தன் நினைவில் இருப்பதை அது மேலே எழுதிவிடும். நிறுத்தி, வைத்து, பிரிண்டர் மாடல் விவரங்கள் உள்ள பிபிடி ஃபோல்டரையும் சேர்த்து, பிறகு கிளப்புங்கள்.

டேட்டாபேஸில் பயனர்களை உருவாக்கி, உரிமைகளைக் கொடுத்து, கடைசியில் டேட்டாவை ஏற்றுங்கள். வெப் சர்வர் இருந்தால் என்ஜின்எக்ஸ் கட்டளையில் டி (t) எழுத்து அதே சோதனையைச் செய்யும். தளத்துக்கு லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தால் அந்த ஃபோல்டரில் உள்ள குறியிணைப்புகள் இணைப்புகளாகவே இருக்க வேண்டும். உண்மை ஃபைல்களாக மாறியிருந்தால் இன்று தளம் திறக்கும், அடுத்த புதுப்பித்தல் தோற்கும்.

க்ரான் வேலைகளை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். பாதி மீட்ட நிலையில் ராத்திரி பேக்கப் ஓடினால், அரைகுறைச் சர்வரைப் புதிய காப்பி என்று எடுத்து, எண்ணிக்கை மீறியதால் பழைய நல்ல காப்பியை அழிக்கும். ஃபைல்களை நேராக ஃபோல்டரில் போடாமல், க்ரான்டாப் கட்டளைக்கு ஃபைல் பெயரைக் கொடுத்து ஏற்றினால் அனுமதிகள் தானாகச் சரியாக அமையும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள். கையால் கிளப்பிய சேவை, மறுதொடக்கத்தில் தானே கிளம்பும் என்று உறுதியில்லை. அதைப் பட்டப் பகலில், எல்லாரும் இருக்கும்போது கண்டுகொள்வது நல்லது.

தமிழ், மலையாளப் பெயர்கள்

இந்தப் பக்கத்து ஆபீஸ்களில் ஃபோல்டர் பெயர்கள் மூன்று மொழியில் இருக்கும். பார்வைக்கு ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் பெயர்கள் மீட்பின்போது கழுத்தைப் பிடிக்கும். மலையாளத்தில் பால், வில்பன போன்ற சொற்களில் வரும் சில்லெழுத்துக்கு (உயிரில்லாத மெய் வடிவம்) 2008-ல் வந்த யூனிகோடு 5.1-ல்தான் தனி இடம் கிடைத்தது. அதற்கு முந்தைய முறையில் தட்டிய பெயரில் அந்த எழுத்து மூன்று குறிகளின் சேர்க்கை. தமிழிலும் கொ, கோ போன்றவற்றின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். சாம்பா செட்டிங்கில் இருப்பது ஒரு வகை, டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டர் இன்னொரு வகை என்றால், கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, பகிர்வு மட்டும் திறக்காது. செட்டிங்கில் வரும் பாதைகளை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, ஊழியர்கள் பார்க்கும் விளக்க வரியில் மட்டும் தமிழையும் மலையாளத்தையும் எழுதுங்கள். சர்வரின் மொழியமைப்பு யூடிஎஃப்-8 ஆகவே இருக்கட்டும். இன்னொன்று: லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு வரம்பு 255 பைட். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட் என்பதால் 85 குறிக்குள் பெயர் முடிந்தாக வேண்டும்.

ரூட்டரும் பயாஸும்

ரூட்டரை மறந்துவிட்டுச் சர்வரை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை. ஓபன்டபிள்யூஆர்டி ரூட்டரில் சிஸ்டம் மெனுவில் பேக்கப் பக்கம் இருக்கிறது. ஒரு சிறு டார் கட்டு கிடைக்கும். மைக்ரோடிக் ரூட்டரில் இரண்டு வகை உண்டு. பைனரி பேக்கப் அதே ரூட்டரில் திரும்ப ஏற்றுவதற்கு. 'எக்ஸ்போர்ட்' தரும் டெக்ஸ்ட் ஃபைல் வேறு மாடலுக்கும் படித்துத் திருத்திப் பயன்படும். இரண்டையும் எடுங்கள். அதன் ஓஎஸ்ஸான ரூட்டர்ஓஎஸ் 7-ல் எக்ஸ்போர்ட் பாஸ்வேர்டுகளை மறைத்துவிடும். 'ஷோ-சென்சிட்டிவ்' சேர்த்தால்தான் வரும். இன்டர்நெட் கம்பெனி தந்த பெட்டியில் இந்த வசதி இல்லாவிட்டால், இன்டர்நெட் இணைப்புக்கான பிபிபிஓஈ பயனர் பெயர், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றையும் தாளில் எழுதுங்கள்.

பயாஸ் செட்டிங்கை மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரிதான் தாங்கி நிற்கிறது. அது தீர்ந்தால் கரண்ட் போய் வரும்போது தேதி பழைய காலத்துக்குப் போகும், சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். கரண்ட் வந்ததும் சர்வர் தானே கிளம்ப வேண்டும் என்ற செட்டிங்கும் போய்விடும். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, அந்தப் படங்களையும் பேக்கப்பில் சேருங்கள்.

ஒத்திகை

வருடத்தில் இரண்டு முறை, கோடை மழைக்கு முன்னும் துலாவர்ஷத்துக்கு முன்னும், பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலோ விர்ச்சுவல்பாக்ஸிலோ மேலே சொன்ன மீட்பை முழுதாகச் செய்து பாருங்கள். 4 ஜிபி ராம், 20 ஜிபி டிஸ்க் போதும். ஒத்திகை மெஷினை ஆபீஸ் நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள். அதே ஐபி, அதே டிஎன்எஸ்மாஸ்க் உள்ள இரண்டாவது சர்வர் கிளம்பினால் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு ஐபி கொடுக்கும், ஆபீஸே நின்றுவிடும். விர்ச்சுவல்பாக்ஸில் 'இன்டர்னல் நெட்வொர்க்' தேர்ந்தெடுத்து, இன்னொரு விர்ச்சுவல் மெஷினிலிருந்து ஃபோல்டர் திறக்கிறதா, பில் போட முடிகிறதா என்று பாருங்கள்.

சர்வரை அமைத்தவரே ஒத்திகையையும் செய்தால் விடுபட்டவற்றைத் தன் நினைவிலிருந்தே நிரப்பிவிடுவார், குறை தெரியாது. வேறொருவர் லாக்கர் தாளை மட்டும் வைத்துக்கொண்டு செய்யட்டும். தாளில் இருக்க வேண்டியவை: ஓஎஸ் பெயரும் வெர்ஷனும், சர்வர் பெயரும் ஐபியும், மூன்று காப்பிகளும் இருக்கும் இடம், மறையாக்கச் சொற்றொடர், ரூட்டர் பாஸ்வேர்டும் பிபிபிஓஈ விவரமும், மீட்பு வரிசை. அவர் எங்கெங்கே நின்று கேள்வி கேட்டார் என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தப் பதில்களைத் தாளில் சேர்த்து, தேதி போட்டு வையுங்கள். பழைய தாளை அன்றே கிழித்துவிடுங்கள்.